வேலை செய்யுற இடத்துல வலி வந்தா? மணமேல்குடியில் இருந்து பிரசவ ஆஸ்பத்திரி வரையிலான தூரத்தின் வரலாறு

"டாக்டர், டூட்டியில இருக்கும்போது வலி வந்துட்டா என்ன பண்றது? ஆஸ்பத்திரி ரொம்ப தூரமாச்சே."

எட்டாம் மாசம் தாண்டியும் வேலைக்குப் போற அம்மாக்கள் கேட்கிற கேள்வி இது. நாலு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா இந்தக் கேள்வி திடீர்னு முளைச்சது இல்ல. நம்ம பாட்டிகளும் பூட்டிகளும் இதே கேள்வியோடதான் வயலுக்கும் கரைக்கும் போனாங்க. அவங்களுக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. பதில் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமா உருவாச்சுன்னு இந்த இழையில பார்ப்போம். நீளம்தான். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

எல்லா ஊருக்கும் பொதுவா பேசினா ஒண்ணும் புரியாது. அதனால ஒரே ஒரு ஊரை எடுத்துக்கறேன். மணமேல்குடி.

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டான்னு கேட்கிறவங்க இன்னும் இருக்காங்க. உண்டு. வடக்கே கட்டுமாவடி, தெற்கே ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல்னு கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நீளுது. நடுவுல மணமேல்குடி. அறுபத்து மூவரில் ஒருத்தரான குலச்சிறை நாயனார் பிறந்த ஊர். பாண்டிய நாட்டு அமைச்சரா இருந்தவர். எதிரே பாக் நீரிணை, அதுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம்.

இங்க பெண்கள் என்ன வேலை பார்க்கறாங்க? மீன் ஏலம் எடுத்துக் கூடையில விற்பாங்க. கருவாடு காய வைப்பாங்க. நண்டு, இறால் தரம் பிரிப்பாங்க. உள்ளே தள்ளிப் போனா நடவு, களை, அறுப்பு. அப்புறம் நூறு நாள் வேலை. இது போக பள்ளிக்கூடம், வங்கி, தாலுகா ஆபீஸ், ஜவுளிக்கடை. எந்த வேலையா இருந்தாலும் வலி எடுத்தா எல்லாரும் பார்க்க வேண்டியது ஒரே வரைபடத்தைத்தான்.

அறுவை அரங்கும் ரத்தமும் மயக்க மருத்துவரும் சேர்ந்து கிடைக்கிற இடம்னா முதல்ல அறந்தாங்கி, சுமார் 35 கிலோமீட்டர். அடுத்து புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியா சுமார் 70. அதுக்கும் மேலன்னா தஞ்சாவூர், ஏறக்குறைய 100. இந்த மூணு எண்ணையும் மனசுல வச்சுக்கோங்க. இழை முழுக்க இது வரும்.

இப்போ இன்னொரு கணக்கு. இது மருத்துவக் கணக்கு.

பிரசவத்துல ஒரு சிக்கல் ஆரம்பிச்சு, சிகிச்சையே கிடைக்கலைன்னா தாய் இறக்க சராசரியா எவ்வளவு நேரம் ஆகும்? டெபோரா மெயின் என்கிற அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளரும் அவரோட சகாக்களும் 1990களின் தொடக்கத்துல இதைக் கணக்குப் போட்டுக் கொடுத்தாங்க. கருப்பை கிழிஞ்சா ஒரு நாள். வலிப்பு வந்தா இரண்டு நாள். குழந்தை வழியில அடைச்சுக்கிட்டு நின்னா மூணு நாள். கிருமித்தொற்றுன்னா ஆறு நாள். பிரசவத்துக்கு முன்னாடி வர்ற உதிரப்போக்குன்னா 12 மணி நேரம்.

பிரசவத்துக்குப் பின்னாடி வர்ற உதிரப்போக்குன்னா? 2 மணி நேரம்.

கட்டை வண்டி மணிக்கு 4 கிலோமீட்டர் போகும்னு வைங்க. மணமேல்குடியில் இருந்து அறந்தாங்கிக்கு கிட்டத்தட்ட 9 மணி நேரம். தஞ்சாவூருக்கு மாட்டை அவிழ்க்காம ஓட்டினாலே 25 மணி நேரம். மாடும் தண்ணி குடிக்கணும், வைக்கோல் திங்கணும். ஆக இரண்டு நாள். குழந்தை அடைச்சுக்கிட்டா வண்டி கட்டிக்கிட்டுப் போறதுல ஏதோ அர்த்தம் இருந்துச்சு. உதிரம் போனா வண்டி கட்டுறதுக்குள்ளயே முடிஞ்சிடும். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் பிரயோஜனமில்ல"ன்னு பழைய ஆட்கள் சொன்னதை விதியை நம்பின பேச்சுன்னு நாம நினைக்கறோம். எனக்கென்னவோ அவங்க தூரத்தையும் நேரத்தையும் சரியாக் கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்காங்கன்னு படுது.

சரி, அந்தக் காலத்துல திட்டமே இல்லையா? இருந்துச்சு. அதுக்குப் பேர் வளைகாப்பு.

சிரிக்காதீங்க. ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளையல் போட்டு, கலவைச் சோறு கட்டி, பொண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. சடங்கு, பாட்டு எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டுப் பாருங்க. கர்ப்பிணியை மாமியார் வீட்டு உழைப்பில் இருந்து வெளியே எடுத்து, பிரசவம் பார்த்த பெண்கள் சுத்தி இருக்கிற ஒரு வீட்டுல முன்கூட்டியே கொண்டு போய் வைக்கிற ஏற்பாடு அது. எந்தச் சட்டசபையும் போடாத பேறுகால விடுப்பு.

ஆனா அதுல ஒரு ஓட்டை. இது பெரும்பாலும் தலைப்பிரசவத்துக்கு மட்டும்தான். இரண்டாவது, மூணாவது பிள்ளைக்குப் பொண்ணு புகுந்த வீட்டுலயேதான் இருப்பா. மூத்த பிள்ளை இடுப்புல, களைக்கொத்து கையில. இப்போ மகப்பேறு பாடத்துக்கு வாங்க. தலைப்பிரசவ வலி சாதாரணமா 12 மணி நேரம், அதுக்கு மேலயும் இழுக்கும். இரண்டாவது பிரசவம் கிட்டத்தட்ட அதுல பாதி நேரத்துல முடிஞ்சிடும். சிலருக்கு இரண்டு, மூணு மணி நேரம்கூட ஆகாது. அதாவது, மெதுவா நடக்கிற பிரசவத்துக்கு ஊர் ஏற்பாடு பண்ணி வச்சிருந்துச்சு. வேகமா நடக்கிற பிரசவத்தை வயல்ல விட்டுடுச்சு. "வரப்புலயே பெத்துட்டு வந்தா"ன்னு ஊருக்கு ஊர் ஒரு கதை கேட்டிருப்பீங்க. அதுல எத்தனை தலைப்பிரசவம்னு விசாரிச்சுப் பாருங்க.

அப்புறம் மருத்துவச்சி. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலதுல நாவிதர் குலத்துப் பெண்கள்தான் தலைமுறை தலைமுறையா பிரசவம் பார்த்தாங்க. கைத்திறமை இருந்தவங்க. கோணலா கிடக்கிற பிள்ளையை வயித்து மேல கையை வச்சே திருப்பினவங்க இருந்தாங்கன்னு மூத்தவங்க சொல்வாங்க, நான் மறுக்கல. ஆனா ரத்தப்போக்கை நிறுத்த மருந்து இல்லை. ஏற்ற ரத்தம் இல்லை. வெட்டி எடுக்க அரங்கம் இல்லை. ஊரே அவங்களைக் கூப்பிடும், பிள்ளை பொறந்த பிறகு அவங்களுக்குத் திண்ணையிலதான் சோறு. இதை எழுதாம விட்டா வரலாறு பாதிதான்.

இதே நேரத்துல கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு பாருங்க. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில 1848ல மருத்துவம் பார்க்க ஆரம்பிக்கிறார். தமிழ்ப் பையன்களுக்குத் தமிழ்லயே மருத்துவம் சொல்லிக் கொடுக்கிறார். 1857ல மான்செல் எழுதின பிரசவ மருத்துவ நூல் அவர் முயற்சியில தமிழ்ல வருது. "மருத்துவத்தைத் தமிழில் சொல்லித்தர முடியுமா"ன்னு இன்னிக்கும் விவாதம் பண்றவங்களுக்காக இந்த வருஷத்தை ஒருமுறை மறுபடி எழுதறேன். 1857.

நம்ம பக்கம் சென்னையில 1844லயே பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கிட்டாங்க. அதுதான் பிறகு 1882ல எழும்பூருக்கு வந்தது. சென்னையில இருந்தவங்களுக்குச் சரி. மணமேல்குடிக்கு?

இங்கதான் ஒரு நிர்வாக விநோதம். மணமேல்குடி இன்னிக்குப் புதுக்கோட்டை மாவட்டம். ஆனா புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரைக்கும் தொண்டைமான் சமஸ்தானம், தனி நாடு மாதிரி. அறந்தாங்கியும் இந்தக் கடற்கரையும் பிரிட்டிஷ் சென்னை மாகாணத்தோட தஞ்சாவூர் மாவட்டத்துல இருந்துச்சு. சமஸ்தானம் இணைஞ்ச பிறகும் இது தஞ்சாவூர்தான். 1974 ஜனவரி 14ல புதுக்கோட்டை மாவட்டம் உருவானப்போதான் மாறுச்சு. ஆக, முக்கால் நூற்றாண்டு வரைக்கும் இந்த ஊருக்குச் சொந்தமான பெரிய ஆஸ்பத்திரின்னா தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி. 100 கிலோமீட்டர். அதை விட 30 கிலோமீட்டர் பக்கத்துல, புதுக்கோட்டை டவுன்ல, ராணியார் ஆஸ்பத்திரின்னு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்னே ஒண்ணு இருந்துச்சு. ஆனா அது வேற அரசாங்கம். யாரும் வாசல்ல நின்னு தடுத்திருக்க மாட்டாங்க. ஆனா சாலை போடுறது, டிஸ்பென்சரி திறக்கிறது, நர்ஸ் அனுப்புறது எல்லாம் எல்லைக்கோட்டோட நின்னுடும். மாவட்ட எல்லை கோணலா இருந்தா பிரசவப் பாதையும் கோணலாத்தான் இருக்கும்.

அந்தப் புதுக்கோட்டையிலதான் 1886ல முத்துலட்சுமி ரெட்டி பிறந்தாங்க. மகாராஜா கல்லூரியில படிச்சு, 1912ல சென்னை மருத்துவக் கல்லூரியில பட்டம் வாங்கினாங்க. அவங்க பேர் இந்தக் கதையில கடைசியில இன்னொரு தடவை வரும், பணத்தோட.

தூரம் மட்டும்தான் பிரச்சினைன்னு நினைச்சுடாதீங்க. வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கின ஐடா ஸ்கடர் கதை பலருக்குத் தெரியும். 1890களின் தொடக்கம், திண்டிவனம். ஒரே ராத்திரியில மூணு ஆண்கள் வந்து, தன் மனைவிக்குப் பிரசவம் சிக்கலா இருக்கு, வந்து பாருங்கன்னு இளம்பெண் ஐடாவைக் கூப்பிடறாங்க. அவங்க டாக்டர் இல்லை. அப்பா டாக்டர், பக்கத்துலயே இருக்கார். ஆனா ஆண் டாக்டர் வேண்டாம்னு மூணு பேரும் திரும்பிப் போயிட்டாங்க. விடியறதுக்குள்ள மூணு பெண்களும் இறந்துட்டாங்க. இந்தக் கதையை எல்லாரும் ஐடா மனம் மாறின கதையாச் சொல்வாங்க. நான் இதை தூரத்தோட கதையா வாசிக்கறேன். டாக்டர் அரை மைல்கூட இல்லை, வண்டியே வேண்டாம். ஆனாலும் சாவு. படி தாண்ட முடிவெடுக்கிறதுக்கும் ஒரு தூரம் உண்டு. ஐடா டாக்டராகி 1900ல திரும்பி வந்தார். 1909 வாக்குல ஒரு பியூஜோ காரை வச்சுக்கிட்டு சாலையோர மருத்துவமும் பார்த்தார். நோயாளி வர முடியலைன்னா நாம போகணும்னு அவருக்குச் சீக்கிரமே புரிஞ்சிருந்துச்சு.

பின்னாடி 1994ல ஸெரீன் தடியஸ், டெபோரா மெயின் இரண்டு பேரும் இதைக் கோட்பாடாவே எழுதினாங்க. பிரசவ மரணத்துக்குப் பின்னாடி மூணு தாமதம் இருக்கு. போகலாமா வேணாமான்னு முடிவெடுக்கிறதுல ஒண்ணு. போய்ச் சேர்றதுல ஒண்ணு. போன இடத்துல சிகிச்சை ஆரம்பிக்கிறதுல ஒண்ணு. மகப்பேறு மருத்துவம் படிக்கிற ஒவ்வொருத்தரும் இன்னிக்கு இதைப் படிச்சுட்டுத்தான் பரீட்சைக்குப் போறாங்க. திண்டிவனத்து மூணு பெண்களும் முதல் தாமதத்துல போனவங்க. மணமேல்குடிப் பெண்கள் அதிகமும் இரண்டாவதுல.

அந்த இரண்டாவது தாமதத்தை யார் குறைச்சாங்க? ரயிலா?

தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் சொந்தக் காசுல ரயில் போட்ட போர்டு. மாயவரம் முத்துப்பேட்டை பாதை 1894ல வந்துச்சு. 1902ல பட்டுக்கோட்டை, 1903 கடைசியில அறந்தாங்கி. பெருமைப்படலாம். ஆனா பிரசவ வலியோட ஒரு பொண்ணு 35 கிலோமீட்டர் வண்டியில அறந்தாங்கி வந்து, எப்பவோ வர்ற ரயிலுக்குக் காத்திருந்து, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, திருவாரூர்னு சுத்தி, அங்க வண்டி மாறித் தஞ்சாவூர் போகணும். நெல்லுக்கும் உப்புக்கும் அந்த ரயில் சரி. வலிக்குச் சரிவராது.

பஸ் வந்த பிறகு கொஞ்சம் மாறுச்சு. பஸ்ஸுல வலி வந்து, டிரைவர் வண்டியை நேரா ஆஸ்பத்திரிக்கே விட்ட செய்தி இன்னிக்கும் பேப்பர்ல வருது. அதுக்குப் பிறகு ஆட்டோ. தமிழ்நாட்டு ஆட்டோ முதுகுல "பிரசவத்திற்கு இலவசம்"னு எழுதியிருக்கிறதை வெளிமாநிலத்து நண்பர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிப் பாருங்க, நம்ப மாட்டாங்க. அரசாங்கம் எழுதச் சொல்லல. சங்கமும் சொல்லல. ஆம்புலன்ஸ் வராத காலத்துல நாங்கதான் ஆம்புலன்ஸ்னு ஓட்டுனர்களே எழுதிக்கிட்டாங்க. என் கணக்குல தமிழ்நாட்டு மகப்பேறு வரலாற்றுல அந்த மஞ்சள் முதுகுக்கு ஒரு பக்கம் ஒதுக்கணும்.

சரி, "வேலை செய்யுற இடம்" பக்கம் வருவோம். கேள்வியில பாதி அதுதானே.

பிரசவத்துக்கு முன்னாடி ஆறு வாரம், பின்னாடி ஆறு வாரம் விடுப்புன்னு உலகத் தொழிலாளர் அமைப்பு 1919லயே உடன்படிக்கை போட்டுச்சு. நம்ம நாட்டுல முதல்ல பம்பாய் மாகாணம், 1929ல சட்டம் கொண்டு வந்துச்சு. அந்த மசோதாவை ஆதரிச்சு 1928ல பம்பாய் மேலவையில பேசினவர்கள்ல அம்பேத்கரும் ஒருத்தர். சென்னை மாகாணச் சட்டம் 1934. மத்தியச் சட்டம் 1961, அதுல 12 வாரம். 2017ல அது 26 வாரம் ஆச்சு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையில இருந்து ஒரு வருஷம்.

படிக்க நல்லா இருக்கு. ஆனா 1934 சட்டம் தொழிற்சாலைப் பெண்களுக்கு. கரையில கருவாடு புரட்டினவங்களுக்கும் களை எடுத்தவங்களுக்கும் தொழிற்சாலை எது, முதலாளி யாரு? 1961 சட்டத்துக்கும் முந்தின 12 மாசத்துல 80 நாள் ஒரே முதலாளிகிட்ட வேலை பார்த்த கணக்கு வேணும். இன்னிக்கு ஒரு ஏலக்கூடம், நாளைக்கு ஒரு தோப்புன்னு போறவங்களுக்கு அந்தக் கணக்கு எந்த நோட்டுலயும் இருக்காது.

விடுப்பு இருக்கிறவங்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. 26 வாரத்துல பிரசவத்துக்கு முன்னாடி 8 வாரம் வரைக்கும் எடுக்கலாம். எத்தனை பேர் எடுக்கறாங்க? "முன்னாடி எடுத்தா பிள்ளையோட இருக்கிற நாள் குறையுமே டாக்டர்"னு கடைசி வாரம் வரைக்கும் வேலைக்குப் போறாங்க. அவங்க கணக்குல தப்பே இல்லை, அம்மா கணக்கு அது. ஆனா அதனாலதான் வலி பள்ளிக்கூடத்துலயும் கேஷ் கவுன்ட்டர்லயும் ஆரம்பிக்குது. கூலிக்காரப் பெண் கூலிக்காகக் கடைசி நாள் வரைக்கும் போறா, சம்பளக்காரப் பெண் லீவைச் சேமிக்கப் போறா. இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில இருந்து ஒரே தூரத்துலதான் நிக்கறாங்க.

கூலிக்காரப் பெண்ணுக்குத்தான் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல உள்ள மகப்பேறு நிதியுதவித் திட்டம். கர்ப்பக் காலத்துல கூலி இழக்கிறதை ஈடுகட்டுறதும் அதோட நோக்கங்கள்ல ஒண்ணு. 2006ல 6,000 ரூபாய், 2011ல 12,000, 2018ல 18,000 ஆச்சு. அதுல 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். 2024-25ல தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச நூறு நாள் வேலைக் கூலி 319 ரூபாய். வகுத்துப் பாருங்க. 14,000 ரூபாய்ங்கிறது 44 நாள் கூலி. அதுவும் தவணை தவணையா வரும். கடைசி மாசம் வீட்டுல உட்கார வைக்க இது போதுமான்னு நீங்களே சொல்லுங்க.

இனி ஆஸ்பத்திரியே பக்கத்துல வந்த கதை.

1946ல போர் கமிட்டி அறிக்கை வந்துச்சு. சண்டைப் போர் இல்லை, தலைவர் பேர் ஜோசப் போர். நம்ம ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதுல உறுப்பினர். மகப்பேறு மருத்துவர், பல தலைமுறை மாணவர்கள் படிச்ச மகப்பேறு பாடநூலை எழுதினவர். இந்தியாவுல வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம் பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் சாகறாங்கன்னு அந்த அறிக்கை கணக்குச் சொன்னது. ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000. ஆரம்ப சுகாதார நிலையம்ங்கிற யோசனை அங்க இருந்துதான் வந்துச்சு. 1952ல இருந்து சமுதாய வளர்ச்சித் திட்டத்தோட சேர்ந்து அது ஊர்களுக்கு வந்துச்சு.

அப்போ இலங்கை நம்மை விட ஒரு தலைமுறை முன்னாடி போயிட்டிருந்துச்சு. 1926லயே களுத்துறையில முதல் சுகாதாரப் பிரிவு. ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற மருத்துவச்சி, அவங்களுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதுக்குப் பின்னாடி பெரிய ஆஸ்பத்திரி, இடையில ஆம்புலன்ஸ். 1940களின் தொடக்கத்துல ஒரு லட்சம் பிறப்புக்கு 1,500க்கு மேல இருந்த தாய் மரணம், 1950களின் முதல் பாதியில 555 ஆ இறங்குச்சு. நம்ம கரையில இருந்து பார்த்தா அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியுற தூரம்தான். பெரிய பணக்கார நாடா இருக்க வேண்டியதில்லைன்னு காட்டின உதாரணம் அது.

பிரிட்டன்ல வேற வழி யோசிச்சாங்க. 1933ல ஸ்காட்லாந்தின் பெல்ஸ்ஹில்ல "பறக்கும் படை" ஆரம்பிச்சாங்க. தேர்தல் பறக்கும் படை இல்லை! மகப்பேறு டாக்டர், நர்ஸ், மருந்து, கருவியோட வண்டி வீட்டுக்கே போகும். அந்த நாட்டுத் தூரத்துக்கும் சாலைக்கும் அது ஓடுச்சு. நமக்கு டாக்டரே குறைவு. அதனால பெண்ணை வண்டியில ஏத்துறதுதான் நம்ம வழி ஆச்சு.

தமிழ்நாட்டுல உண்மையான வேகம் 1990களுக்குப் பிறகுதான். தாய் மரணம் ஒவ்வொண்ணையும் பதிஞ்சு, ஏன் நடந்துச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சாங்க. இறந்த பெண்ணோட குடும்பத்தைக் கலெக்டர் முன்னாடி உட்கார வச்சு, "வலி எத்தனை மணிக்கு வந்துச்சு, வண்டி எத்தனை மணிக்குக் கிடைச்சுச்சு, எந்த ஆஸ்பத்திரி எங்க அனுப்புச்சு"ன்னு கேட்டாங்க. என் அபிப்பிராயத்துல எந்தக் கட்டடத்தையும் விட இந்தக் கேள்விகள்தான் பெரிய வேலை செஞ்சது. 2000களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல மூணு நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வச்சாங்க. சிசேரியனும் ரத்தமும் எந்நேரமும் கிடைக்கிற சீமாங்க் மையங்கள் வந்துச்சு. 2008 செப்டம்பர் 15ல 108 வந்துச்சு. 2017ல புதுக்கோட்டைக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு.

தமிழ்நாட்டுத் தாய் மரண விகிதம் 2001-03ல ஒரு லட்சம் பிறப்புக்கு 134. 2018-20ல 54. 1990களின் தொடக்கத்துல மூணுல ரெண்டு பிரசவம்தான் ஆஸ்பத்திரியில நடந்துச்சு. 2019-21 கணக்கெடுப்புல 99.6 சதவீதம். அந்தக் கோடு இறங்கினதுல 108 வண்டியோட பங்கு கணிசமானது. வண்டியில இருக்கிற டெக்னீசியனுக்குப் பிரசவம் பார்க்கப் பயிற்சி உண்டு, அதுக்கான கிட்டும் உண்டு. உதிரப்போக்கைத் தாக்குப்பிடிக்கக் கால்ல இருந்து வயிறு வரைக்கும் இறுக்கிக் கட்டுற உடையும் தமிழ்நாட்டுல பயன்பாட்டுக்கு வந்துச்சு. அந்த 2 மணி நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொடுக்கிற உடை அது. 70 கிலோமீட்டருக்கு அந்தக் கொஞ்சம்தான் உயிர்.

இவ்வளவு வந்த பிறகும் மணமேல்குடியில இருந்து அறந்தாங்கி 35தான். கிலோமீட்டர் குறையல, நேரம்தான் குறைஞ்சிருக்கு. கஜா புயல் அடிச்ச 2018 நவம்பர் 16 காலையில அந்த நேரமும் காணாமப் போச்சு. சாலை முழுக்க மரம், கரன்ட் இல்லை, டவர் இல்லை. ஒரே ராத்திரியில ஊர் கட்டை வண்டிக் காலத்துக்குப் போயிடுச்சு. புயல் எச்சரிக்கை வந்தா, நாள் நெருங்கின கர்ப்பிணிகளை முன்னாடியே ஆஸ்பத்திரியில சேர்க்கிறது இப்போ நம்ம சுகாதாரத் துறையோட வழக்கம். கியூபாவுல 1962லயே இதைப் புயல் இல்லாத நாளுக்கும் செஞ்சாங்க. தூரத்துக் கிராமத்துப் பெண்கள் கடைசி வாரங்களை ஆஸ்பத்திரிப் பக்கத்துலயே தங்கிக் கழிக்க "தாய்மை இல்லங்கள்". நம்ம மலைப்பகுதிகள்லயும் பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கு. யோசிச்சா அதுவும் வளைகாப்புதான். அம்மா வீட்டுக்குப் பதிலா ஆஸ்பத்திரிப் பக்கம்.

அப்போ வேலைக்குப் போற அம்மா என்ன செய்யணும்? மேல சொன்ன வரலாறே சொல்லிடுது. முதல் தாமதத்தை வீட்டுலயே முடிச்சுடுங்க. எந்த ஆஸ்பத்திரி, யார் கூட வருவாங்க, மூத்த பிள்ளை யாரிடம்ங்கிறதை 32 வாரத்துக்குள்ள பேசி முடிச்சிருக்கணும். வலி வந்த பிறகு மாமனார் வரட்டும், புருஷன் கடலுக்குப் போயிருக்கார் திரும்பட்டும்னு காத்திருக்கிற நேரம்தான் திண்டிவனத்து நேரம். உங்க கிராம சுகாதார செவிலியர்கிட்ட நேரடியாக் கேளுங்க, "எனக்கு எங்க பிரசவம்?"னு. போன தடவை சிசேரியன், ரத்த அழுத்தம், சர்க்கரை, கடுமையான ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, நஞ்சு கீழே இருக்கிறதுன்னா பக்கத்து நிலையத்துக்குப் போய் அங்க இருந்து அனுப்புற சுத்து வேண்டாம். எங்க போகணும்னு முன்னாடியே தீர்மானிச்சு அட்டையில எழுதி வாங்கிக்கோங்க. அப்படிப்பட்டவங்க கடைசி வாரங்கள்ல தூரத்து வேலைக்குப் போகவே கூடாது, முடிஞ்சா ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்ல ஒரு சொந்தக்காரர் வீட்டுல இருங்க.

வேலை இடத்துல ஒருத்தருக்காவது விவரம் தெரிஞ்சிருக்கணும். தலைமையாசிரியரோ, மேட்டோ, ஏலக்கூடத்து அக்காவோ, யாரா இருந்தாலும் சரி. உங்க பிக்மி எண், ரத்த வகை, வீட்டு நம்பர், செவிலியர் நம்பர் அவங்க போன்ல இருக்கட்டும். தாய் அட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் பீரோவுல இருந்து பயனில்ல, வேலைக்குப் போற பையிலயே வச்சுக்கோங்க. 108க்குப் பேசும்போது ஊர்ப் பேர் மட்டும் சொன்னா வண்டி தேடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில எந்த விலக்கு, எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம்னு இரண்டு அடையாளம் சொல்லுங்க. 108 வர நேரமாகும்னு சொன்னா, இரண்டாவது வண்டி யாருதுன்னு அன்னிக்குத் தேடக்கூடாது. பிரசவத்திற்கு இலவசம்னு எழுதின ஆட்டோ அண்ணன் நம்பரை இன்னிக்கே வாங்கி வைங்க.

எப்போ கிளம்பணும்? தலைப்பிரசவம்னா வலி ஒழுங்கா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் வந்தா கிளம்புங்கன்னு டவுன்ல இருக்கிறவங்களுக்குச் சொல்வோம். 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவங்க அவ்வளவு காத்திருக்க வேண்டாம். வலி ஒழுங்கா வர ஆரம்பிச்சதுமே கிளம்புங்க. பொய் வலின்னு திருப்பி அனுப்பினா அனுப்பட்டும், நஷ்டம் பெட்ரோல் மட்டும்தான். பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, கண் மங்கித் தலை வெடிக்கிற மாதிரி வலிச்சாலோ, பிள்ளை அசைவு குறைஞ்சாலோ வலியே இல்லைன்னாலும் உடனே கிளம்பணும். டூ வீலர்ல பின்னாடி உட்கார்ந்து போகாதீங்க. வழியில முக்கணும்னு தோணுச்சுன்னா வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. ஓடுற வண்டியில பிரசவம் பார்க்க வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு லைன்லயே இருங்க. குழந்தை வந்துட்டா துடைச்சு, அம்மா நெஞ்சு மேலயே போட்டு, துணியால மூடுங்க. கொடியை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம், நஞ்சைப் பிடிச்சு இழுக்கவும் வேண்டாம். அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. "பிள்ளை பொறந்துடுச்சே, வீட்டுக்குப் போயிடலாம்"னு யாராவது சொன்னா கேட்காதீங்க, அந்த 2 மணி நேரம் அப்போதான் ஆரம்பிக்குது.

இரண்டாவது, மூணாவது பிரசவமா? மேல சொன்ன எல்லா நேரத்தையும் பாதியாக்கிக்கோங்க. வரப்புல நின்னது நீங்கதான்.